கிளாரினெட் கீச்சிடுகிறது: தப்பு கருவியிலா, என்னிடமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். கேட்டவருக்கு வயது 38. இதற்கு முன் ஊதும் கருவி எதையும் தொட்டதில்லை. நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த பிளாஸ்டிக் கிளாரினெட்டைக் கொடுத்திருக்கிறார். பத்து நாட்களாக ஊதிப் பார்த்தும் பாதி நேரம் கீச்சென்ற சத்தம்தான் வருகிறதாம். மரத்தில் செய்த நல்ல கருவி வாங்கினால் சரியாகுமா, ஆசிரியர் இல்லாமல் கற்க முடியுமா, இந்த வயதில் தொடங்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: தப்பு கருவியிலா, என்னிடமா? அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தானாக வந்துவிடும்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கிளாரினெட் வாசிக்கிறேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். உங்கள் கருவியை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, நீங்கள் ஊதிக் கேட்கவும் இல்லை. அதனால் இதுதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதத்துக் கீச்சுக்கு நான் பார்த்த காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலிடம் விரலுக்குத்தான். ஏதோ ஒரு விரல் துளையை முழுதாக மூடாமல் மயிரிழை அளவு விட்டிருக்கும். அடுத்தது ரீட், அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பட்டை. மூன்றாவது, கீழ்த்தாடை கடிப்பது. கருவியின் பழுது அதற்கெல்லாம் பிறகுதான் வரும். எனவே புதுக் கருவி வாங்கும் யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

மயிரிழை இடைவெளிக்கு இவ்வளவு பெரிய சத்தமா என்று தோன்றும். கிளாரினெட்டின் குணமே அப்படி. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட்டின் நீளம் சுமார் 66 சென்டிமீட்டர். மேற்கத்தியப் புல்லாங்குழலும் கிட்டத்தட்ட அதே நீளம்தான், சுமார் 67. ஆனால் கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. காரணம், புல்லாங்குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாய் போல நடந்துகொள்கிறது. கிளாரினெட்டில் ரீட் இருக்கும் முனை மூடிய முனை போல நடந்துகொள்கிறது. ஒரு முனை மூடிய, ஒரே அகலமுள்ள குழாய் தன் நீளத்துக்கு மீறித் தாழ்வாக ஒலிக்கும்.

அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. புல்லாங்குழலில் ச பிடித்தபடி கொஞ்சம் வேகமாக ஊதினால் மேல்ஸ்தாயி ச வரும். நாதஸ்வரமும் சாக்ஸபோனும் அப்படித்தான், அவற்றின் குழாய் கூம்பு வடிவில் விரிந்துகொண்டே போகிறது. கிளாரினெட்டில் அதே வேலையைச் செய்தால் மேல் ச வராது, அதையும் தாண்டி மேல்ஸ்தாயி ப-வுக்குத் தாவும். இந்தத் தாவலுக்குத்தான் இடது கட்டைவிரலுக்கு மேலே ரெஜிஸ்டர் கீ என்று ஒரு சின்னச் சாவி இருக்கிறது. அது செய்வதெல்லாம் குழாயின் மேல்பகுதியில் ஒரு குட்டித் துளையைத் திறப்பதுதான். அந்தத் துளை திறந்ததும் தாழ்ந்த ஒலி நிலைகுலைந்து, காற்று மேல் ஒலிக்குத் தாவிவிடுகிறது. சரி, இப்போது உங்கள் மோதிர விரலுக்கு அடியில் ஒரு குட்டி இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? அதுவும் ஒரு ரெஜிஸ்டர் கீதான், என்ன, இடம் மாறிய ரெஜிஸ்டர் கீ. கருவி பாட்டுக்கு மேலே தாவும், எங்கே போவது என்று தெரியாமல் கீச்சிடும். மேல் ரெஜிஸ்டரும், அதாவது அந்த மேல் ஒலிகளின் வரிசையும், கீச்சும் ஒரே காரணத்தால் பிறப்பவை. ஒன்று நாம் கேட்டு வருவது, மற்றது கேட்காமல் வருவது.

1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற கருவித் தச்சர் இந்த மேல் தாவலைச் சாதித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்கு முன் இருந்த ஷாலுமோ என்ற ஒற்றை ரீட் குழல் தாழ்ந்த ஒலிகளில் மட்டும் வாசிக்கக்கூடியது. மேல் ஒலிகளுக்குத் தாவ ஒரு சாவி சேர்ந்ததும் கிளாரினெட் பிறந்தது. இன்றும் கிளாரினெட்டின் கீழ் ரெஜிஸ்டருக்கு ஷாலுமோ என்றுதான் பெயர். ஒரு ஸ்தாயிக்குப் பதில் ஒன்றரை ஸ்தாயி தாவுவதால், தாவலுக்கு முன் வரும் ஸ்வரங்களை நிரப்ப நிறையச் சாவிகள் வேண்டும். மற்றக் குழல்களுக்கு 12 அரைஸ்வரம் போதும், இதற்கு 19 வேண்டும். கருவியைப் பார்த்ததும் இத்தனை கம்பிகளா என்று மிரண்டதாக எழுதியிருந்தீர்கள். அத்தனையும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இன்று உலகின் பெரும்பகுதியில் வாசிக்கப்படும் பேம் முறைச் சாவி அமைப்பு, குளோசே என்ற வாசிப்பாளரும் பூஃபே என்ற கருவித் தச்சரும் சேர்ந்து 1839 வாக்கில் உருவாக்கியது. உங்களுடையதும் அநேகமாக அதுதான்.

விரலுக்கு வருவோம். விரல் நுனியால் துளையை மூடாதீர்கள், நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள சதைப் பகுதியால் மூடுங்கள். ஒரு நிமிடம் வாசித்தபின் கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் முழு வட்டமாகத் தடம் பதிந்திருக்க வேண்டும். பிறை போலப் பதிந்திருந்தால் அந்த விரல்தான் கசிகிறது. பெரும்பாலும் இரண்டு கை மோதிர விரல்களில் ஒன்றாக இருக்கும். அப்படிக் கசிந்தால் அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். அழுத்தினால் கை இறுகும், இறுகினால் விரல் இன்னும் நகரும். கையின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அப்புறம், வலது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி பக்கவாட்டுச் சாவிகளில் ஒன்றை உங்களுக்கே தெரியாமல் அழுத்திக்கொண்டிருக்கலாம். இடது ஆள்காட்டி விரலின் ஓரம் அதற்கு மேலே உள்ள சாவியைத் தட்டலாம். கண்ணாடி முன் நின்று பார்த்தால் இரண்டும் தெரியும்.

கருவியின் எடை முழுவதும் வலது கட்டைவிரலில்தான் நிற்கிறது, முக்கால் கிலோ அளவு. கருவியின் பின்புறத்தில் உள்ள கட்டைவிரல் தாங்கி, நகத்தின் அடிப்பகுதிக்கும் முதல் மூட்டுக்கும் இடையில் உட்கார வேண்டும். பலர் அதை உள்ளே தள்ளி உள்ளங்கைக்கு அருகில் வைத்துக்கொள்கிறார்கள், உடனே மற்ற விரல்கள் வளைந்து துளையைத் தவறவிடும். கட்டைவிரல் வலித்தால் கழுத்துப் பட்டை போட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி தங்கிவிட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய முதல் ஆறு வாரங்கள் எனக்கும் கீச்சுதான். ரீட் சரியில்லை என்று முடிவு செய்து ஒரு பெட்டி முழுவதையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தேன், பிறகு வேறு எண்ணில் இன்னொரு பெட்டி. ஒரு நாள் ஆசிரியர் எதுவும் பேசாமல் என் இடது மோதிர விரலைப் பிடித்து ஒரு அரிசி அகலத்துக்கு நகர்த்தினார். சத்தம் நின்றுவிட்டது. எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, எரிச்சல். இரண்டு பெட்டி ரீட்டுக்குப் பதில் சொல்வது யார்?

ரீட் ஒன்றும் குற்றமற்றது என்று சொல்லவில்லை. அது அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணல் வகையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய பட்டை. நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று அதிரும், இங்கே ஒரே நாக்கு, வாயில் வைக்கும் முனையான மௌத்பீஸின் திறப்பின் மேல் அதிர்கிறது. தொடங்குபவர்களுக்கு 2 அல்லது 2.5 எண் போதும். எண் கூடக் கூட ரீட் கடினமாகும். ஒரு நிறுவனத்தின் 2.5 இன்னொரு நிறுவனத்தின் 2.5-க்குச் சமமாக இருக்காது, ஆகவே எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கடினமான ரீட்தான் தேர்ந்தவர்களுக்கு அடையாளம் என்று ஒரு பேச்சு உண்டு, அது வெறும் பெருமை. வாயில் ஓரிரு நிமிடம் வைத்து நனைத்துவிட்டுப் பொருத்துங்கள். காய்ந்த ரீட் கீச்சிடும். நுனி துளி உடைந்திருந்தாலும் கீச்சிடும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பொருத்தும்போது ரீட்டின் நுனி மௌத்பீஸின் நுனியோடு ஒட்டிச் சரியாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலும் வித்தியாசம் கேட்கும். ஒரே ரீட்டைத் தினமும் ஊதாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எல்லாமே அதிக நாள் உழைக்கும். செயற்கை ரீட்டும் கிடைக்கிறது, நனைக்க வேண்டாம், சீக்கிரம் கெடாது. அதன் ஒலி நாணலுக்கு இணையா என்பதில் வாசிப்பவர்களிடையே இன்னும் சண்டை தீரவில்லை. முதல் வருடத்தில் அந்த வித்தியாசம் உங்களுக்கு முக்கியமே இல்லை என்பது என் கருத்து.

வாய் வைக்கும் முறையை எழுத்தில் சொல்வது கஷ்டம், முடிந்தவரை சொல்கிறேன். கீழ் உதட்டைக் கீழ்ப்பற்களின் மேல் இலேசாக மடித்து, அதன் மேல் ரீட் உட்கார வேண்டும். மேல்பற்கள் மௌத்பீஸின் மேல்புறத்தில் நேரடியாகப் பதியும். வாயின் இரு ஓரங்களும் உள்நோக்கி இறுகி நிற்கும், முகவாய் தட்டையாகக் கீழே இழுத்திருக்கும், கன்னம் உப்பாது. மௌத்பீஸ் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய காகிதத்தை ரீட்டுக்கும் மௌத்பீஸுக்கும் நடுவில் செருகுங்கள். அது எந்த இடத்தில் தடுத்து நிற்கிறதோ, ஏறத்தாழ அந்த இடத்தில்தான் கீழ் உதடு இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக எடுத்தால் ஒலி மூச்சுத் திணறும், கூடுதலாக எடுத்தால் கட்டுக்கடங்காமல் கீச்சிடும். கீழ் உதட்டின் உட்புறம் பல் பதிந்து வலித்தால் நீங்கள் கடிக்கிறீர்கள் என்று பொருள். உதட்டின் ஓரங்களில் சோர்வு வந்தால் அது நல்ல வலி, நடுவில் வந்தால் கெட்ட வலி. பத்து நிமிடம் ஊதி, ஓய்வெடுத்து, மறுபடி பத்து நிமிடம் ஊதுவது ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஊதுவதைவிட எவ்வளவோ மேல்.

இதைச் சோதிக்க முழுக் கருவியும் வேண்டாம். மௌத்பீஸையும் அதற்கு அடுத்த குட்டைக் குழாயான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதுங்கள். சுருதி காட்டும் ட்யூனர் செயலியில் எஃப் ஷார்ப் அல்லது அதை ஒட்டிய ஸ்வரம் ஆடாமல் நின்றால் வாயும் மூச்சும் சரியான பாதையில் இருக்கின்றன. மிகவும் தாழ்ந்து வந்தால் பிடி தளர்வு, உயர்ந்து வந்தால் கடிக்கிறீர்கள். இங்கே விரலே இல்லை, துளையே இல்லை. இதில் சுத்தமான ஒலி வந்து, முழுக் கருவியில் கீச்சு வந்தால் குற்றவாளி வாய் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாட்கள் இதை மட்டும் செய்யச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் நான் விடுவதில்லை.

பிறகு முழுக் கருவி. மேல், கீழ்ப் பகுதிகளைச் சேர்க்கும்போது மேல்பகுதியின் வளையங்களை அழுத்திப் பிடியுங்கள், அப்போதுதான் இரண்டையும் இணைக்கும் பாலச் சாவி மேலே எழும்பி வளையாமல் தப்பிக்கும். எந்தத் துளையையும் மூடாமல் ஊதினால் ஜி. கட்டைவிரலை மட்டும் வைத்தால் எஃப். அதோடு ஆள்காட்டி சேர்ந்தால் ஈ, நடுவிரல் சேர்ந்தால் டி, மோதிர விரல் சேர்ந்தால் சி. முதல் வாரம் இந்த ஐந்து போதும், ஒவ்வொன்றையும் எட்டு எண்ணும்வரை ஆடாமல் நிறுத்துங்கள். அதன்பின் வலது கையை ஒவ்வொரு விரலாகச் சேருங்கள். எந்த விரல் சேர்ந்ததும் கீச்சு வருகிறதோ அந்த விரலைப் பாருங்கள். நீங்கள் ஜி ஊதினால் ட்யூனர் எஃப் என்று காட்டும், பயப்படாதீர்கள், ட்யூனர் கெட்டுப்போகவில்லை. இது பி ஃப்ளாட் கருவி, நாம் சி என்று படிப்பது பியானோவின் பி ஃப்ளாட்டாக ஒலிக்கும். எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழே.

இன்னும் சில வாரங்களில் ஒரு சுவர் வரும். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கீழ் ரெஜிஸ்டரின் மேல் எல்லையில் உள்ள ஏ, பி ஃப்ளாட் இரண்டுக்கும் ஒன்றிரண்டு விரல் போதும். அதற்கு அடுத்த பி-க்கு எல்லாத் துளைகளும் மூடி, ரெஜிஸ்டர் கீயும் திறந்திருக்க வேண்டும். காதுக்கு அரை ஸ்வரம், கைக்கு ஏறக்குறைய எல்லா விரலுக்கும் வேலை. அத்தனை விரலும் ஒரே நொடியில் இறங்காவிட்டால் கீச்சு நிச்சயம். இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ஏ ஊதும்போதே வலது கை விரல்களைத் துளைகளின் மேல் முன்கூட்டியே மூடி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்வரம் பெரிதாக மாறாது, தாண்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அப்புறம், மேலே போகிறோம் என்பதற்காக அழுத்தி ஊதாதீர்கள். தாழ்ந்த சி-யை நீங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரை ரெஜிஸ்டர் கீயை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலேயே மேல் ஜி வந்து நிற்கும். மேல் ஒலிக்கு வேறு மூச்சு வேண்டியதில்லை என்று அப்போது உடம்புக்கே புரியும்.

இதையெல்லாம் பார்த்தும் கீச்சு நிற்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். மேல்பகுதியை மட்டும் எடுத்து, இடது விரல்களால் துளைகளை மூடி, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய இழுப்பு சில வினாடிகள் நிற்க வேண்டும். உடனே கரைந்தால் சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தையான பேட் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த கருவிக்கு இது சகஜம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பேட் மாற்றினால் சரியாகும், இதற்காகப் புதுக் கருவி வேண்டாம்.

மரமா பிளாஸ்டிக்கா என்ற விவாதத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது சில மட்டுமே. பெரும்பாலான மரக் கிளாரினெட்கள் கிரெனடில்லா என்ற கருமரத்தில் செய்யப்படுகின்றன. அந்த மரம் வெப்பமும் ஈரமும் சட்டென்று மாறினால் வெடிக்கக்கூடும். பிளாஸ்டிக் வெடிக்காது, வெளியில் வாசிக்கலாம், கவலை இல்லை. ஒலியைத் தீர்மானிப்பதில் உள்துளையின் வடிவமும் மௌத்பீஸும் ரீட்டும் வாசிப்பவரின் வாயும் பெரும் பங்கு வகிக்கின்றன. குழாய்ச் சுவர் எதனால் ஆனது என்பதற்கும் பங்கு உண்டா என்றால், ஒலியியல் படித்தவர்கள் மிகக் குறைவு என்கிறார்கள், வாசிப்பவர்களில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. நான் வாசிப்பது மரத்தில்தான், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்வேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஏதாவது மாற்றியே தீர வேண்டும் என்றால் மௌத்பீஸை மாற்றுங்கள், செலவுக்கேற்ற பலன் அங்கேதான் அதிகம். ஒருவேளை ஆசைப்பட்டு மிகப் பழைய கருவி எதையாவது வாங்கப் போனால், அதன் மேல் எச்.பி. என்ற எழுத்துகள் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது அந்தக் கால உயர்ந்த சுருதிக்குச் செய்தது, இன்றைய கருவிகளோடு சேராது.

வாசித்து முடித்ததும் ரீட்டைக் கழற்றுங்கள், உள்ளே துணியை இழுத்து ஈரத்தைத் துடையுங்கள், பகுதிகளைப் பிரித்து வையுங்கள். மௌத்பீஸை வெந்நீரில் கழுவாதீர்கள், நிறம் மாறிவிடும். இனிப்பு ஏதாவது சாப்பிட்டிருந்தால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியர் இல்லாமல் முடியுமா? விரல் வரைபடம், ராகம், ஸ்வரக் குறியீடு எல்லாம் தனியாகக் கற்கலாம். தன் தாடை என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒருவரால் தனியாகக் கண்டுபிடிப்பது கடினம், எனக்கே ஆறு வாரம் ஒரு விரல் தெரியவில்லை. எனவே முதல் இரண்டு மாதத்தில் நான்கு ஐந்து வகுப்புகளாவது நேரில் போங்கள், பிறகு தனியாகத் தொடரலாம். வயதைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு விரல் வேகம் சிறுவர்களைவிட மெதுவாக வருவதை நான் பார்த்திருக்கிறேன், ஏன் கீச்சிடுகிறது என்பதைச் சொன்னதும் பிடித்துக்கொள்வது பெரியவர்கள்தான் என்பதையும் பார்த்திருக்கிறேன். கச்சேரி மேடைக்கு 38 தாமதமாக இருக்கலாம். வீட்டில் ஒரு பாட்டைச் சுத்தமாக வாசிக்கத் தாமதமே இல்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எழுதும்போது கீச்சிடுகிறது என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. எந்த ஸ்வரத்திலிருந்து எதற்குப் போகும்போது வருகிறது, விரலில் பதிந்த தடம் வட்டமா பிறையா, உறிஞ்சிய காற்று எத்தனை வினாடி நின்றது, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.